மேண்டேட்: கையில் கொடுத்ததா, தலையில் கட்டியதா?

2015 ஏப்ரலில் ஒரு நாள் நியூ ஜெர்சியிலிருந்து மைத்துனர் கூப்பிட்டார். வருமான வரிப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். 1040 என்ற அந்தப் படிவத்தின் 61-ஆம் வரியில் அந்த வருடம் புதிதாக ஒரு சின்னக் கட்டம் முளைத்திருந்தது. ஆண்டு முழுக்க மருத்துவக் காப்பீடு இருந்திருந்தால் அதில் ஒரு டிக். இல்லையென்றால், விலக்கும் கிடையாதென்றால், ஒரு தொகையைக் கணக்குப் போட்டு வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

“இதைத்தான் அத்தான் எல்லாரும் மேண்டேட் மேண்டேட் என்கிறார்கள். சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தமிழில் என்ன போடுவது?”

“கட்டாயம் என்று போடுங்கள்” என்றேன்.

“படிவத்தில் பொறுப்பு என்றல்லவா இருக்கிறது?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பொறுப்பும் கட்டாயமும் ஒன்றா? அந்தக் கட்டத்தைக் கொண்டுவந்தது ‘ஒபாமாகேர்’ எனப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அதைப் பற்றி அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு மேல் நடந்த சண்டையில் பாதி இதுதான்.

முதலில் சொல். லத்தீனில் ‘மனுஸ்’ என்றால் கை, ‘தாரே’ என்றால் கொடுத்தல். (நம் ‘தா’ நினைவுக்கு வந்தால் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், உறவு கொண்டாட வேண்டாம்.) இரண்டும் சேர்ந்து ‘மாண்டாரே’, அதாவது ஒருவர் கையில் ஒரு வேலையை ஒப்படைப்பது. அதிலிருந்து ‘மாண்டாட்டும்’, அப்புறம் ஆங்கில மேண்டேட். கமாண்ட், டிமாண்ட் எல்லாம் இதே குடும்பம். பெரிய வியாழனை ஆங்கிலத்தில் ‘மாண்டி’ வியாழன் என்பார்கள். சீடர்களின் கால்களைக் கழுவிய இரவில் இயேசு கொடுத்த ‘புதிதான கட்டளை’ லத்தீன் பைபிளில் மாண்டாட்டும். அது தேய்ந்ததுதான் மாண்டி.

கையளிப்பு இரண்டு திசையிலும் நடக்கும். மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் கொடுத்தால் அது கட்டளை. வாக்காளர் ஆட்சியாளரிடம் கொடுத்தால் அது மக்கள் ஆணை. ஈழத்தமிழ் அரசியலில் 1977 தேர்தலைப் பற்றிப் பேசினால் ‘மக்கள் ஆணை’ வராமல் இருக்காது. வங்கியில் மாதத் தவணையைத் தானாக எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கிற இ-மேண்டேட்டும் இந்த இரண்டாம் வகைதான். வங்கியின் கையில் நாமே அதிகாரத்தை ஒப்படைக்கிறோம். ஒபாமா 2008-இல் மக்களிடம் ஒரு மேண்டேட் வாங்கி வந்து, 2010-இல் அதே மக்கள் மேல் இன்னொரு மேண்டேட்டைப் போட்டார் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் குழம்பிவிடுவார்.

இந்த இரண்டாவது மேண்டேட் எதற்கு? 2010 மார்ச் 23-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தை ஒரு முக்காலி என்பார்கள். ஏற்கெனவே நோய் இருக்கிறதென்று காப்பீட்டு நிறுவனம் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அவர்களிடம் அதற்காகக் கூடுதல் பிரீமியமும் வாங்கக் கூடாது என்பது முதல் கால். இதை மட்டும் சட்டமாக்கினால் என்ன ஆகும்? ‘படுத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்று நல்ல உடம்புக்காரர்கள் வெளியே நிற்பார்கள். உள்ளே நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள். பிரீமியம் ஏறும், அது ஏற ஏற இன்னும் சிலர் கழன்றுகொள்வார்கள். அதனால் எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற இரண்டாவது கால். சரி, பணம் இல்லாதவர் எப்படி வாங்குவார்? அதற்கு அரசு மானியம், மூன்றாவது கால். நம் ஊரில் 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியத்தை அரசே கட்டியது. ‘நீ வாங்கியே தீரவேண்டும்’ என்று யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே அமெரிக்கச் சண்டை நமக்குக் கொஞ்சம் விநோதமாகத் தெரிகிறது.

இந்த இரண்டாம் காலைச் செதுக்கியது யார் என்பது சுவாரசியமான கதை. 1989-இல் குடும்பங்கள் காப்பீடு வாங்குவதைக் கட்டாயமாக்கலாம் என்று எழுதியது ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு நிறுவனம். 2006-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. 2008-இல் ஹிலாரி கிளிண்டனோடு மோதும்போது ஒபாமா இதை எதிர்த்தார். எல்லோரையும் வீடு வாங்கச் சொல்லிச் சட்டம் போட்டால் வீடில்லாத் திண்டாட்டம் தீர்ந்துவிடுமா என்ற தோரணையில் கேலி செய்தார். ஆட்சிக்கு வந்ததும் அவரே கொண்டுவந்தார். குடியரசுக் கட்சிக்காரர்கள் அதற்குள் எதிர்ப்பக்கம் போயிருந்தார்கள்.

பெயர்களைக் கவனியுங்கள். சட்டத்தின் வாசகத்தில் இது ‘குறைந்தபட்ச அவசியக் காப்பீடு வைத்திருக்க வேண்டிய தேவை’. வரித்துறைக்கு ‘பகிர்ந்த பொறுப்புத் தொகை’. ஊரில் நின்ற பெயர் என்னவோ மேண்டேட். கார் வைத்திருந்தால் காப்பீடு கட்டாயம், அதுபோலத்தான் என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். கார் வேண்டாமென்றால் நடந்து போகலாம், இங்கே உயிரோடு இருந்தாலே கட்டணும் என்கிறீர்களே என்பது எதிர்த்தரப்பு. 2012 மார்ச்சில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, காப்பீடு வாங்கச் சொல்லலாமென்றால் ப்ரோக்கோலி வாங்கவும் சொல்லலாமா என்ற ரீதியில் நீதிபதி ஸ்காலியா கேட்டார். பாவம், அந்தக் காய்க்கு அப்படி ஓர் அரசியல் புகழ்.

அந்த ஜூன் 28-இல் 5-க்கு 4 என்று தீர்ப்பு வந்தது. ஒரு பொருளை வாங்கு என்று கட்டளையிட, வணிகத்தை ஒழுங்குபடுத்த அரசியல் சட்டம் தந்த அதிகாரம் இடம் கொடுக்காது, ஆனால் வாங்காதவரிடம் வரி வாங்கலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். இது வரியே இல்லை என்று 2009-இல் தொலைக்காட்சியில் அடித்துச் சொன்ன ஒபாமாவின் சட்டம், வரி என்று பெயர் மாறியதால் பிழைத்தது.

இங்கேதான் எனக்கு ‘கடமை’ என்ற சொல்மேல் ஆசை வந்தது. இன்று அது செய்ய வேண்டிய வேலை. சோழர் கல்வெட்டுகளில் அது நிலவரி. பொறுப்பா வரியா என்று ஒன்பது நீதிபதிகள் முட்டிக்கொண்ட இடத்தில், இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது தமிழ். ஆனால் வரி என்ற பொருள் பேச்சிலிருந்து போய்விட்டது. ‘காப்பீட்டுக் கடமை’ என்று இன்று எழுதினால் வாசகர் காதில் விழுவது அறிவுரை. அது ஒபாமா கட்சியின் பிரசுரம் போல ஆகிவிடும்.

மற்றவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ‘தனிநபர் ஆணை’ சொல்லுக்குச் சொல் நேர். ஆனால் யாரோ ஒரு தனி ஆள் ஆணை போட்டதுபோல, அல்லது பிடியாணைபோல இருக்கிறது. ‘கட்டளை’ என்றதும் கோயில் மண்டகப்படி நினைவுக்கு வருகிறது. ‘கட்டாயக் காப்பீடு’ பரவாயில்லை. ஆனால் அது பாலிசியின் பெயர், மேண்டேட் என்பது அதை வாங்கச் சொல்கிற சட்டப்பிரிவு. என் தேர்வு ‘கட்டாயக் காப்பீட்டு விதி’. நீளம்தான், ஆனால் என்னவென்று கேட்காமலே புரிகிறது. 50 பேரையோ அதற்கு மேலோ முழுநேர வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் தனியாக ஒரு மேண்டேட் உண்டு. அதை ‘நிறுவனக் காப்பீட்டு விதி’ எனலாம். தேர்தல் மேண்டேட் ‘மக்கள் ஆணை’யாகவே இருக்கட்டும்.

காப்பீடு இல்லாதவர் கட்ட வேண்டிய தொகை 2014-இல் ஓர் ஆளுக்கு 95 டாலர் அல்லது ஒரு வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 1 சதவீதம், எது அதிகமோ அது. 2016-இல் 695 டாலர் அல்லது 2.5 சதவீதம். 2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச்சட்டம் 2019 முதல் அதைச் சுழியமாக்கியது. விதி ஏட்டில் இருக்கிறது, மீறினால் அபராதம் 0 டாலர். வரியே இல்லையென்றால் வரி என்ற வாதமும் போயிற்றே என்று டெக்சஸ் உள்ளிட்ட மாநிலங்கள் போட்ட வழக்கை, உங்களுக்கு வழக்காட இடமில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 எனத் தள்ளிவிட்டது.

மைத்துனரின் மத்திய வரிப் படிவத்தில் அந்தக் கட்டம் இப்போது இல்லை. ஆனால் நியூ ஜெர்சி 2019-இலிருந்து சொந்தமாக ஒரு விதி வைத்துக்கொண்டது. அதை விளக்கும் அரசின் இணையதளம் மேண்டேட் என்றே சொல்கிறது. மாநிலப் படிவத்தில் தொகையை எழுதுகிற கட்டத்துக்கு மட்டும் ‘பகிர்ந்த பொறுப்புத் தொகை’ என்று பெயர்.