டெல்டா: கடலைக் காணாத ஒகவாங்கோவுக்குத் தமிழில் என்ன பெயர்?

‘ஒகவாங்கோ கழிமுகம்’ என்று எழுதுவதை நாம் நிறுத்திவிடலாம். போட்ஸ்வானாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் அந்த ஈரநிலத்தில் கழியும் கிடையாது, முகமும் கிடையாது. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பிறக்கும் ஆறு, நமீபியாவின் ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்றைக் கடந்து, சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடிவந்து, கலகாரி மணலில் கிளை கிளையாக விரிந்து அங்கேயே முடிந்துபோகிறது. கடலோரத்துக்கு உரிய சொல்லை அதன்மேல் ஏற்றினால், அந்த நிலத்தின் தனித்தன்மை எதுவோ அதுதான் முதலில் மறைகிறது.

‘டெல்டா’ கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து. முக்கோண வடிவம் கொண்டது. அந்த எழுத்தின் மூலமான பினீசிய எழுத்துக்குக் கதவு என்று பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ், நைல் ஆறு பிரிந்து பரவும் நிலத்தை இந்த எழுத்தின் பெயராலேயே குறித்தார். பெயருக்குக் காரணம் வடிவம் மட்டுமே. கடல் என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. நைல் கடலில் போய்ச் சேர்ந்ததால், பின்னால் வந்தவர்கள் கடலையும் சேர்த்தே அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டார்கள். ஆறு பிரிந்து விரிந்து முக்கோணமாகப் படியும் இடம் என்ற பழைய பொருளில் பார்த்தால் ஒகவாங்கோ நல்ல டெல்டாதான்.

‘கழிமுகம்’ என்ற சொல்லின் கதை வேறு. கழி என்பது நெய்தல் நிலத்துச் சொல். கடல்நீர் உள்ளே ஏறி இறங்கும் உப்பங்கழி அது. கண்டலும் நெய்தலும் சுறாவும் உப்பு விளைப்போரும் சங்கப் பாடல்களில் அந்தக் கழியோடுதான் வருகிறார்கள். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்குக் கழி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆறு கழியில் கலக்கும் வாய் கழிமுகம். ஆற்றுநீரும் உப்புநீரும் கலக்கும் அந்த வாய்க்கு அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. அதையே டெல்டாவுக்கும் நீட்டியதால் இரண்டு வேறு நில அமைப்புகளுக்கு ஒரே பெயர் வந்துவிட்டது. நம் ஊர் ஆறுகள் எல்லாம் கடலில் முடிவதால் அந்தக் குழப்பம் இதுவரை உறுத்தவில்லை. ஒகவாங்கோவுக்குப் போனதும் உறுத்துகிறது.

அந்த ஆறு ஏன் கடலுக்குப் போகவில்லை? கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிளந்துகொண்டு வரும் பெரும் பிளவின் தென்மேற்குக் கிளை ஒன்று இங்கே வரை நீள்கிறது என்பது நிலவியலாளர் கருத்து. வடகிழக்கிலிருந்து தென்மேற்காகப் போகும் பிளவுக்கோடுகளுக்கு நடுவே தரை அமிழ்ந்திருக்கிறது. வடக்கே குமாரே பிளவு, தெற்கே குன்யேரே, தமலகானே பிளவுகள். ஆறு முதலில் இரண்டு மேட்டுக்கரைகளுக்கு இடையே நேராக வருகிறது. ஆங்கில வரைபடங்களில் இந்தப் பகுதிக்கு வாணலியின் கைப்பிடி என்று பெயர். பனையோலை விசிறியைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் அதைக் காம்பு என்பார்கள்; வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. குமாரே பிளவைத் தாண்டியதும் விசிறி விரிகிறது. விரிந்த நீரில் மிஞ்சுவது தெற்கே தமலகானே பிளவில் முட்டி, அதன் ஓரமாகத் திரும்பி, மவுன் நகரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. நல்ல வெள்ள ஆண்டுகளில் அங்கிருந்து போத்தேத்தி ஆற்றின் வழியாக மக்கடிக்காடி உப்புச் சமவெளியை நோக்கிக் கொஞ்சம் போகும்.

மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஆண்டுக்குச் சுமார் 10 கன கிலோமீட்டர் நீர் வருகிறது. மழையும் அதோடு சேர்கிறது. நூற்றில் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் வெயிலிலும் இலைகளின் வழியாகவும் வானத்துக்கே திரும்பிவிடுகிறது. தரையோ ஏறக்குறைய மட்டம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் ஒரு மீட்டர் இறங்கும். அதனால் வெள்ளம் ஓடுவதில்லை, ஊர்கிறது. அங்கோலாவில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, காம்பின் தலைமாட்டில் இருக்கும் மொஹெம்போவில் ஏப்ரல் வாக்கில் உச்சத்தைத் தொடும். 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மவுனுக்கு அது வந்துசேர ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். அப்போது போட்ஸ்வானாவில் மழையே இல்லாத குளிர்காலம். சுற்றிலும் புல் காய்ந்து குட்டைகள் வற்றிக் கிடக்கும் நேரத்தில் இங்கே மட்டும் தண்ணீர் ஏறுகிறது. யானையும் எருமையும் வரிக்குதிரையும் அந்த மாதங்களில் திரண்டு வருவது அதனால்தான். 6 லட்சம் ஹெக்டேர் ஆண்டு முழுவதும் சதுப்பு. வெள்ளம் ஏறும்போது 12 லட்சம் ஹெக்டேர் வரை புல்வெளி நீரில் நிற்கிறது.

இவ்வளவு நீர் ஆவியானால் உப்பு தங்க வேண்டுமே, அந்தச் சதுப்பு எப்படி நன்னீராக இருக்கிறது? எனக்கு இந்த நிலத்தில் மிகப் பிடித்த விஷயம் இதற்கான விடை. ஆற்றில் கரைந்து வரும் உப்புகளின் எடை, அடியில் உருண்டு வரும் மணலின் எடையைவிட அதிகம். அவ்வளவையும் வாங்கிக்கொள்பவை தீவுகள். பல தீவுகளின் தொடக்கம் ஒரு கரையான் புற்று. வெள்ளத்துக்கு மேலே தலைநீட்டும் அந்தச் சிறு மேட்டில் பறவை எச்சத்தில் வந்த விதை முளைக்கும். மரம் வளர்ந்ததும் சுற்றிலும் இருக்கும் நன்னீரை வேரால் இழுத்து இலையால் விடுகிறது. உப்பை வேர் எடுப்பதில்லை. அது தீவின் அடியில், நடுவை நோக்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்த கனிமங்கள் மண்ணுக்குள் இறுகித் தீவை இன்னும் கொஞ்சம் உயர்த்துகின்றன.

அப்படிப்பட்ட தீவு ஒன்றின் கரையிலிருந்து நடுவுக்கு நடந்தால் மண் மாறுவது மரத்தில் தெரியும். கரையோரம் அத்தியும் ஆப்பிரிக்கக் கருங்காலியும் அடர்ந்த நிழல் தரும். சில அடிகள் உள்ளே போனதும் பெருமரங்கள் நின்று, உப்பைத் தாங்கும் மொக்கோலாப் பனை தொடங்கும். அதற்கும் உள்ளே முரட்டுப் புல். நடுவில் ஒன்றும் முளைக்காத வெள்ளைத் தரை. அந்த வெள்ளை கறியுப்பு அல்ல, சோடியம் கார்பனேட் வகை. உவர் வேறு, களர் வேறு என்று நம் விவசாயிகள் பிரித்துச் சொல்வார்களே, இது களர். தீவுகளின் நடுவே களரைப் பூட்டிவைத்ததால்தான் வெளியே மீனும் அல்லியும் வாழ்கின்றன.

ஆற்றின் கிளைகளும் நிலையானவை அல்ல. பாப்பிரஸ் கோரை இரு கரையிலும் சுவர்போல் நெருங்கி நிற்க, மணல் அடியில் படிந்து படிந்து வாய்க்கால் சுற்றுத் தரையைவிட உயர்ந்துவிடும். நீர் பக்கவாட்டில் கசிந்து வேறு பள்ளம் தேடும். பழைய வழி கோரையால் அடைத்துப் பின்பு காய்ந்துபோகும். நீர்யானைகள் இரவில் மேயப் போய்வரும் தடங்கள் பல இடங்களில் புதிய வாய்க்காலுக்கு வழி திறந்துவிடுகின்றன. 1849 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் தென்மேற்கு விளிம்பில் இருக்கும் நகாமி ஏரியைப் பார்த்தபோது அது பெரிய நீர்ப்பரப்பு. அதற்கு நீர் தந்த தாவோகே கிளை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அடைபட்டது, ஏரியும் வற்றியது. பின்பு வேறு வழியில் நீர் வந்து நிறைந்திருக்கிறது, மறுபடி வற்றியும் இருக்கிறது.

இந்தப் பகுதியை ‘மனிதர் கால்படாத காடு’ என்று எழுதுவதும் கழிமுகம் போலவே தவறு. தென்பகுதி ஆப்பிரிக்காவின் தொல்குடிகளான சான் மக்களில் நீரை ஒட்டி வாழ்ந்த புகாக்வே, அனிக்வே குழுவினர் மற்ற எல்லாருக்கும் முந்தியவர்கள். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கே சோபே ஆற்றுப் பக்கமிருந்து வயேயி மக்கள் வந்தார்கள். வடக்கிலிருந்து ஹம்புகுஷு மக்கள் வந்தார்கள்; மழை வரவழைப்பவர்கள் என்ற புகழ் அவர்களுக்கு. பங்வாட்டோ மக்களிடமிருந்து பிரிந்த பதவானா மக்கள் ஆட்சியை அமைத்தார்கள். அவர்கள் 1915இல் தலைநகராக்கிய ஊர்தான் மவுன்.

வயேயி மக்கள் கொண்டுவந்தது மொகோரோ. ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஒடுங்கிய தோணி. பின்முனையில் நின்றபடி நீண்ட கோலை மணலில் ஊன்றித் தள்ளுவார்கள். தண்ணீர் இடுப்பளவுதான் என்பதால் துடுப்பைவிடக் கோல்தான் இங்கே தோது. பெருமரங்கள் அழிவதைத் தடுக்க இப்போது பல மொகோரோக்கள் கண்ணாடியிழையில் வருகின்றன. பயிர்த்தொழிலிலும் வெள்ளத்தையே பின்தொடர்ந்தார்கள். வெள்ளம் வடிந்த தாழ்நிலத்துக்குச் செட்ஸ்வானா மொழியில் மொலாப்போ என்று பெயர். நீர் பின்வாங்க வாங்க, ஈரம் காயாத மண்ணில் சோளம் விதைப்பார்கள்.

மாட்டுமந்தைகள் உள்ளே போகாமல் நெடுங்காலம் தடுத்தது ஒரு ஈ. செட்சி என்ற சொல்லே செட்ஸ்வானா உலகத்துக்குத் தந்தது. மனிதருக்கு உறக்கநோயும் மாட்டுக்கு நகானா நோயும் அதன் கடியால் வரும். 1890களில் மாட்டு வெக்கை நோய் ஆப்பிரிக்கா முழுவதும் பரவி எருமைகளையும் மாடுகளையும் அழித்தபோது, கடிக்க உடல் இல்லாமல் ஈயும் பின்வாங்கியது. விலங்குகள் பெருகியதும் திரும்பி வந்தது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் விமானத்திலிருந்து மருந்து தெளித்து அதை ஒழித்தார்கள். எருமையிடமிருந்து மாட்டுக்குக் கோமாரி பரவாமல் இருக்க 1980களில் போட்ட நீண்ட வேலி தெற்கு விளிம்பில் இன்றும் நிற்கிறது.

வேட்டை மிஞ்சிப்போனதைக் கண்டு 1963இல் மொரேமி காப்பகத்தை ஒதுக்கியது காலனி அரசு அல்ல. பதவானா மக்கள், ஆட்சிப் பொறுப்பில் இருந்த புலானே மொரேமியின் தலைமையில் தங்கள் நிலத்தைத் தாங்களே ஒதுக்கினார்கள். ஆனால் அந்த எல்லைக்குள் வாழ்ந்த புகாக்வே குடும்பங்கள் இடம்பெயர்ந்து க்வாய் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெருமையைச் சொல்லும்போது இந்த இழப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலின் 1000ஆவது இடமாக ஒகவாங்கோ சேர்ந்தது.

பட்டியலில் சேர்ந்தது விசிறி மட்டும். நீர் பிறப்பது அங்கோலாவில்; அங்கே அந்த ஆற்றுக்கு குபாங்கோ என்று பெயர். 1975 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போர் அந்த மேட்டுநிலத்தைக் கண்ணிவெடிகளால் நிரப்பியது. துணையாறான குயிட்டோவின் பெயரைத் தாங்கிய குயிட்டோ குவானவாலேயில்தான் 1987, 88இல் பெரும் சண்டை நடந்தது. போர் முடிந்த நாட்டுக்கு அணையும் பாசனமும் வேண்டும். வறண்ட நமீபியாவுக்குக் குடிநீர் வேண்டும். மூன்று நாடுகளும் 1994இல் கூட்டு ஆணையம் அமைத்துப் பேசி வருகின்றன. மேலே மணலை அணை தடுத்தால் கீழே வாய்க்கால் இடம்மாறுவது நின்றுபோகும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நீரளவை மட்டும் பங்கிட்டால் இந்த நிலம் பிழைக்காது.

இனி, தமிழ்ப்பெயர். ‘வடிநிலம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நீர் வடிந்து ஓர் ஆற்றில் சேரும் முழுப் பரப்புக்கும் அது வேண்டும். நீர்வளத் துறையின் ‘காவிரி வடிநிலக் கோட்டம்’ அந்தப் பொருளில்தான் வழங்குகிறது. அங்கோலா மேட்டையும் சேர்த்தால்தான் ஒகவாங்கோ வடிநிலம். ‘வண்டல் விசிறி’ என்ற பாடநூல் சொல் நிலவியல்படி மிகவும் நெருங்கி வருகிறது. ஆராய்ச்சியாளர் பலரும் இதை விசிறி என்றே அழைக்கிறார்கள். ஆனால் வண்டல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மெல்லிய சேறு. ஒகவாங்கோ கொண்டுவருவது கலகாரியின் வெறும் மணல்.

என் தேர்வு ‘கிளைப்படுகை’. படுகை காவிரிக்கரைக்காரர்களுக்கு அன்றாடச் சொல். ஆறு கொண்டுவந்து படியவைத்த மண் அது. வாழையும் மூங்கிலும் போடுகிற நிலம். படுதல் என்ற வினை அதற்குள் இருக்கிறது. உப்பும் மணலும் படிந்து உருவான ஒகவாங்கோவுக்கு அந்த வினை வேண்டும். படுகை மட்டும் போதாது, ஆற்றின் அடித்தரைக்கும் அதைச் சொல்கிறோம். வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு என்ற வேறுபாடு தமிழில் ஏற்கெனவே இருப்பதால், கிளையாறுகள் உண்டாக்கிய படுகை என்பதைக் கிளைப்படுகை தெளிவாகச் சொல்லிவிடும். உள்ளே இருக்கும் தீவுகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ஆற்றிடைக்குறை, அரங்கம், துருத்தி என்று மூன்று இருக்கின்றன. ‘காடும் காவும் கவின்பெறு துருத்தியும்’ என்கிறது திருமுருகாற்றுப்படை.

தஞ்சை, திருவாரூர், நாகைக்காரர்கள் ‘டெல்டா மாவட்டம்’ என்று சொல்வதை மாற்றச் சொல்லவில்லை; அது அவர்கள் வாயில் ஊறிய சொல். நிலவியல் எழுதும்போதும் மொழிபெயர்க்கும்போதும்தான் இந்தப் பிரிப்பு வேண்டும். நைஜர் ஆற்றை எடுத்துக்கொண்டால் அதன் தேவை தெரியும். அது மாலி நாட்டுக்குள் ஒருமுறை விரிந்து பெரிய சதுப்பாகிறது, பிறகு ஒன்றுகூடி ஓடி நைஜீரியக் கடற்கரையில் மறுபடி விரிகிறது. முன்னது உள்நாட்டுக் கிளைப்படுகை, பின்னது கடலோரக் கிளைப்படுகை. பின்னதன் கிளைகள் உப்புநீரைத் தொடும் வாய்களுக்கு மட்டும் கழிமுகம்.