பேரீச்சம்பழத்துக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கிண்ணியாவிலிருந்து வந்த மொத்த வியாபாரி ஒருவர் என் மேசைக்கு முன்னால் இருந்து கேட்ட கேள்விதான் தலைப்பு. நோன்புக்கு ஈரான் பேரீச்சம்பழம் இறக்க முற்பணம் அனுப்பியிருந்தார். காசு அவருடைய கணக்கை விட்டுப் போய்விட்டது. விற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் ஒரு வெளிநாட்டு வங்கி ‘ஈரான்’ என்ற சொல்லைக் கண்டதும் மறித்து வைத்துவிட்டது. ஈரானின் அணுத்திட்டத்தைக் காட்டி அமெரிக்கா போட்ட பொருளாதாரத் தடைகள்தான் காரணம்.

திருகோணமலையில் வங்கிக் கிளை ஒன்றில் இறக்குமதிப் பத்திரங்களோடு மல்லுக்கட்டிய ஆண்டுகளில் நான் கண்டது, இந்தத் தடைகள் சரக்கை விடக் காசைத்தான் மறிக்கின்றன. டொலர் கொடுப்பனவு பெரும்பாலும் ஏதோவொரு அமெரிக்க வங்கி வழியாகத்தான் தீர்க்கப்படும். அந்தப் படலையைச் சாத்தினால் போதும். சாத்தப்பட்டவர் வேலியில் பொட்டு, அதாவது குனிந்து நுழைய ஒரு ஓட்டை, தேடுவார். பொட்டுக்கு அப்பால் நிற்பவர் கூட்டாளியாவார்.

இது எங்களுக்கும் பழக்கமான கதைதான். 1951இல் போர்த்தேவைப் பொருட்களைச் சீனாவுக்கு விற்கக்கூடாது என்று ஐ.நா. கேட்டது. றப்பரையும் அதில்தான் சேர்த்தார்கள். அரிசிக்குத் தவித்த இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே அல்ல. 1952இல் ஐந்து ஆண்டு ஒப்பந்தம்: ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். செய்தது இடதுசாரிகள் அல்ல, ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம்! அமெரிக்கா உதவியை நிறுத்தியது. சீனாவோடு இராஜதந்திர உறவு வந்ததோ 1957இல். கொடுக்கல் வாங்கல் முந்தி, தூதரகம் பிந்தி.

ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25.1 கோடி டொலர் கடனும் தடையால் கட்ட முடியாமல் கிடந்தது. மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் உடன்பட்டார்கள். இங்கே தேயிலைக்காரருக்கு ரூபாய். டொலர் எந்தக் கையையும் தொடாது. அதே ஈரான், சீனாவும் ரஷ்யாவும் இருக்கும் கூட்டமைப்புகளான ஷங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் 2023இலும் பிரிக்ஸில் அடுத்த ஆண்டும் சேர்ந்தது.

ஆனாலும் பொட்டால் போகிறவன் குனிந்துதான் போகவேண்டும். 2022க்குப் பிறகு, உக்ரேன் போரால் தடைக்குள்ளான ரஷ்யா இந்தியாவுக்குக் கழிவு விலையில் எண்ணெய் விற்றது. வந்த ரூபாய் இந்திய வங்கிகளில் தேங்கிக் கிடப்பதாக 2023இல் ரஷ்ய வெளிவிவகார அமைச்சர் லாவ்ரோவே சொன்னார். இதைப் பாசம் என்று நான் எடுப்பதில்லை.

எங்கள் வியாபாரிக்கும் ஒருவர் பொட்டுக் காட்டினார். டுபாய்த் தரகர். “பில்லில் நாட்டை மாற்றித் தாறேன்” என்றாராம்.

“நானா, அந்த வேலை மட்டும் வேண்டாம்” என்றேன். அரசாங்கங்கள் பேசி முடிப்பது வேறு, தனி ஆள் பத்திரத்தைத் திருத்துவது வேறு. ஏற்றிய துறைமுகம், கப்பலின் பெயர், விற்பவரின் வங்கி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தக் காசோடு நிற்காது, சுங்கத்திலும் மாட்டி, அடுத்த எல்.சி.யும் (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம்) கிடைக்காது. சந்தேகமென்றால் முற்பணம் அனுப்ப முன்னம் வங்கியில் கேளுங்கள். அனுப்பிய பிறகு வந்தால் எங்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய ஏலாது.

அவருடைய காசு, கட்டணம் கழித்து, நோன்பும் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. இப்போது சவூதிப் பழம் இறக்குகிறார், விலை கூட. என்னைக் காணும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்கிறார்.