பற்றைக்காட்டுக்கும் ஓர் ஆள் வேண்டும்

கனடாவிலிருந்து இன்னொருவர். "உடும்பும் மயிலும் இருக்கட்டும், ஒருத்தரும் வெட்டக் கூடாது" என்று யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் பற்றைக்காடு வாங்கிவிட்டுப் போனவர். இப்போது வீரை மரமும் பாலை மரமும் விறகாகிவிட்டன. மணல் டிராக்டரில் ஏறிவிட்டது. காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசான என்னிடம் கேட்கிறார்: "உறுதி என்ர பேரிலதானே கிடக்கு?"

கிடக்குது ஐயா, அலுமாரிக்குள்.

உறுதி முடித்துப் பதிந்தால் காணி தன்னைத் தானே காக்கும் என்று எத்தனை பேர் நம்புகிறார்கள்! பத்து வருடம் உங்கள் உரித்தை ஏற்காமல், தடையின்றிக் காணியை ஆண்டுவந்தவர் நீதிமன்றத்தில் உரித்துக் கேட்க இலங்கையின் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதற்கு முதற்படியாக காணி தன் ஆட்சியில் இருக்கிறது என்று அறிவிக்கும் 'ஆட்சி உறுதி' ஒன்றையும் எழுதுவித்துக்கொள்வார். கடல்கடந்து இருந்தவருக்கு அதே சட்டத்தில் சலுகை உண்டுதான். ஆனால் அதை வழக்காடித்தான் பெற வேண்டும். வழக்கு முடியும்போது காணி மிஞ்சலாம், காடு மிஞ்சாது. யாரும் உரித்தே கேட்காமல் இரவில் வந்து வெட்டிக்கொண்டு போனால் உறுதி என்ன செய்யும்?

பலருக்குப் பொதுவான காணியில் பிரிபடாத பங்கை மலிவென்று வாங்காதீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி வாங்கும் முன்னுரிமை அந்தக் காணியின் மற்றப் பங்காளிக்கு. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் காடு துண்டாகும், இல்லையேல் ஏலம் போகும். கடனீரேரி ஓரக் கண்டல் காட்டை யாராவது பரப்புக் கணக்கில் விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள், கரையோரம் பெரும்பாலும் அரச நிலம். கடலின் உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம்; அதற்குள் கட்டுமானம் எதற்கும் அனுமதி தேவை.

நில அளவைப் படமும் எல்லைக் கல்லும் இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். பக்கத்து ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு மாதச் சம்பளம் பேசி, உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவமும் கொடுங்கள். ஆனால் விற்கும் அதிகாரத்தைத் தயவுசெய்து அதில் எழுதுவிக்காதீர்கள். (எழுதுவித்தவர்களின் கதை தனிக் கட்டுரை.) டெங்கு என்று பற்றையைத் துப்புரவாக்கச் சொல்லி அறிவித்தல் ஒட்டினால் போய்ப் பேசவும் அவர்தான் வேண்டும். தகரமும் சிரட்டையும் பொறுக்கினால் போதும், காட்டை மொட்டையடிக்கத் தேவையில்லை என்று ஒருவர் நேரில் சொல்ல வேண்டும்.

தமக்குப் பின் காட்டைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் காலத்திலேயே, காணியைத் தர்மகர்த்தாக்களின் பொறுப்பில் விடும் தருமசாதனப் பத்திரம் முடியுங்கள். காட்டை எந்த நோக்கத்துக்கு விடுகிறீர்கள், ஒரு தர்மகர்த்தா போனால் அடுத்தவர் யார், வேலிக்கும் காவலுக்கும் காசு எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் அதிலேயே எழுதுவியுங்கள்.