கைக்கு வராத டிவிடெண்டும் வருமானமே

கிருஷ்ணகிரியில் ஆடிட்டராகத் தொழில் செய்யும் எனக்கு, மா சீசனும் வருமான வரிக் கணக்குத் தாக்கலும் ஒன்றாக வந்து சேரும் மாதம் ஜூலை. அப்படியொரு ஜூலையில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் பணியாற்றிவிட்டு ஓசூருக்குத் திரும்பிய பொறியாளர் ஒருவர், மாந்தோப்பு வைத்திருக்கும் தம் தந்தையுடன் அலுவலகத்துக்கு வந்தார். அங்கே இருந்தபோது வாங்கிய எண்ணெய் நிறுவனப் பங்குகளை, டிவிடெண்ட் (நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் தொகை) பணமாக வராமல் அதே நிறுவனத்தின் பங்காகவே சேரும் மறுமுதலீட்டுத் திட்டத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். "ஒரு டாலர்கூட என் கைக்கு வரவில்லையே சார், அதற்கு எப்படி வரி?" என்பதே அவருடைய கேள்வி.

அவருடைய காலாண்டு அறிக்கையில் ஒரு பதிவை எடுத்துக் காட்டினேன்: டிவிடெண்ட் 120 டாலர், பிடித்த வரி 30 டாலர், மீதி 90 டாலருக்கு 0.8 பங்கு. எக்ஸான் மொபில், செவ்ரான் போன்ற நிறுவனங்களின் பங்குதாரர்களுக்குக் கிடைக்கும் இத்திட்டத்தில் முழுப் பங்குக்குக் குறைவான பின்னப் பங்குகளும் சேர்வதால், சிறு தொகையும் சும்மா கிடக்காமல் வளர்கிறது. அது உண்மையான நன்மைதான். ஆனால் வரிச் சட்டப்படி இந்தியாவில் முழு வசிப்பாளராகிவிட்ட ஒருவருக்கு, பிடித்தம் போக மீந்த 90 அல்ல, 120 டாலரும் அந்த ஆண்டின் வருமானமாகும். அமெரிக்காவில் பிடித்த 25 சதவீதத்தை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளப் படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. பங்குகளையும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் நிதியாண்டுக்கு அல்லாமல் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்காகக் காட்டியிருக்க வேண்டும். இவற்றில் எதையும் அவர் மூன்றாண்டுகளாகச் செய்யவில்லை.

கறுப்புப் பணச் சட்டத்தில், வெளிநாட்டுச் சொத்தை அட்டவணையில் காட்டாமல் விட்டதற்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் உண்டு என்றதும் தந்தையின் முகம் வாடிவிட்டது. அசையாச் சொத்து நீங்கலான வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மிகாதவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு இருப்பதால், மகன் தப்பினார். விடுபட்ட ஆண்டுகளுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் (கெடு முடிந்த பிறகு விடுபட்டதைச் சேர்த்துத் தரும் கணக்கு) போட்டு, கூடுதல் வரியைக் கட்ட வைத்தேன்.

பிறகு தந்தை தம் கேள்வியைக் கேட்டார். பொதுத்துறை எண்ணெய் நிறுவனம் ஒன்று 300 சதவீத டிவிடெண்ட் தருவதாகச் செய்தி பார்த்தாராம்; மாம்பழப் பணத்துக்கு வரி இல்லாதது போல இதற்கும் இருக்காது என்று நினைத்திருக்கிறார். அந்தச் சதவீதம் சந்தை விலையின் மீதல்ல, பங்குக்கு நிறுவனம் குறித்துள்ள முகமதிப்பின் மீதானது. 5 ரூபாய் முகமதிப்புக்கு 15 ரூபாய்தான். சந்தையில் 250 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அது வெறும் 6 சதவீதம். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு அவரவர் வரி வரம்புப்படி வரியும் உண்டு. நம் எண்ணெய் நிறுவனங்கள் டிவிடெண்டை வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கின்றன. மறுமுதலீடு வேண்டுமென்றால் நாமேதான் பங்கு வாங்க வேண்டும்.

அல்போன்சா மாமரம் ஒரு வருடம் கிளை முறியக் காய்த்தால் மறுவருடம் ஏமாற்றும் என்று தெரிந்தவர், எண்ணெய்ப் பங்கு ஆண்டுதோறும் ஒரே அளவில் தரும் என்று எப்படி நம்பினாரோ தெரியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிவிடெண்டைக் குறைக்காத ஷெல் நிறுவனம், 2020 ஏப்ரலில் அதைப் பங்குக்கு 47 சென்ட்டிலிருந்து 16 சென்ட்டாகக் குறைத்தது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் எல்லா நிறுவனத்துக்கும் லாபம் என்பதும் தவறு. 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் கச்சா எண்ணெய் விலை ஏறியும் பெட்ரோல், டீசல் சில்லறை விலை உயராமல் நின்றதால், இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து சுமார் 18,480 கோடி ரூபாய் நட்டம் கண்டன. இத்தகைய துறையில் தானியங்கி மறுமுதலீடு, ஒரே தோப்பில் மேலும் மேலும் கன்று நடுவதைப் போன்றது. மொத்தச் சேமிப்பில் அதன் பங்கு எவ்வளவு என்று ஆண்டுக்கொரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமுதலீட்டில் சேரும் ஒவ்வொரு பின்னப் பங்கும் தனித்தனிக் கொள்முதல். அமெரிக்கப் பங்கை விற்கும்போது வரும் லாபத்தை நீண்டகால ஆதாயமாகக் கருதத் தேவையான 24 மாதங்களும் ஒவ்வொன்றுக்கும் தனியாகவே எண்ணப்படும். மகனிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டைக் கொடுத்து, தேதி, டாலர் தொகை, பிடித்த வரி, பங்கின் அளவு, முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் வங்கி மாற்று விகிதம் ஆகியவற்றுக்குக் கட்டம் போடச் சொன்னேன். காலாண்டுக்கு ஒன்றாக மூன்றாண்டுகளுக்குப் பன்னிரண்டு பதிவுகள். அன்று மாலையே எழுதி முடித்துவிட்டார்.