இன்னொருத்தர் கேட்டால் நானும் கேட்பேன்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பாலியல் வன்முறை போலீஸ் விஷயம்தானே? அதில் சுகாதாரத்துக்கு என்ன வேலை?"

நடந்த பிறகு போலீஸ் வேண்டும்தான். நடக்காமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை. டெங்குவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கையும் வேண்டும், கொல்லையில் தேங்கிய தண்ணீரைக் கொட்டவும் வேண்டும், அது மாதிரி. உலகில் மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 மதிப்பீடு. வழக்கு வழக்காகப் பிடித்துத் தீர்க்கிற அளவா இது?

சரி, ஊர் எப்படித் தடுக்கும்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 1978இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கணக்குப் போட்டார். அவர் போட்டது கலவரத்துக்கு. நாம் அதை நம்மூர்க் கடைத்தெருவுக்குக் கொண்டுவருவோம். நடவு முடிந்து, காலில் சேறு காயாமல் பெண்கள் வருகிறார்கள். கூலி கொடுக்கிறவர் ஒருத்தியின் கையைப் பிடிக்கிறார். தெருவில் 100 பேர். எத்தனை பேர் வாய் திறந்தால் தானும் திறக்கலாம் என்று ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கிறது. ஒருத்தருக்குப் பூஜ்யம், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, கடைசி ஆளுக்கு 99. "ஏய், கையை எடு!" என்று முதல் ஆள் சத்தம் போட்டதும் 1 எழுவார், 2 எழுவார், மளமளவென்று 100 பேரும் எழுந்துவிடுவார்கள். இப்போது அந்த 1ஐ மட்டும் 2ஆக மாற்றுங்கள். முதல் ஆள் கத்துவார், அதோடு சரி. இரண்டு பேராவது கேட்கட்டும் என்று மீதி 99 பேரும் உட்கார்ந்தே இருப்பார்கள். முதல் ஊரை மானமுள்ள ஊர் என்போம், இரண்டாவதைக் கோழை ஊர் என்போம். வித்தியாசம் ஒரே ஆள்!

அந்த எண் யாருக்கும் பிறவிக் குணமில்லை. நாளைக்கும் அவரிடமே கூலி வாங்க வேண்டும், கடனும் அவரிடமே என்றால் எண் ஏறும். வீட்டில் கழிப்பறை இல்லாமல் விடியுமுன் இருட்டில் தனியாக வாய்க்கால் கரைக்குப் போகிறவளுக்குப் பயத்தில் இன்னும் ஏறும். இப்படி எண் ஏறிக் கிடக்கிறவர்களுக்கு முதலில் போய்ச் சேர்வதைத்தான் நலவாழ்வில் சமத்துவம் என்கிறோம். மேட்டூர் திறந்தால் தலைமடை தானாக நனையும். கடைமடைக்கு முறை வைத்து விட்டால்தான் தண்ணீர். தெருவிளக்கும் செவிலியரும் கைக்காசும் அப்படித்தான்.

கைக்காசு கிடைத்தால் என்ன ஆகும்? தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணக் கிராமங்களில் ஏழைப் பெண்களுக்குக் குழுக் கடன் கொடுத்து, அதே கூட்டத்தில் ஆண்-பெண் உறவு பற்றியும் எச்.ஐ.வி. பற்றியும் பேச வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் துணைவரின் வன்முறை பாதிக்கும் மேல் குறைந்ததாக 2006இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. நம்மிடம் மகளிர் சுயஉதவிக் குழு ஏற்கெனவே இருக்கிறது. தவணையை எண்ணி நோட்டில் ஏற்றிய பிறகு ஓர் அரைமணி நேரம் போதும். கேமராவுக்கும் செயலிக்கும் உடனே நிதி ஒதுக்குகிறவர்கள் இதை இங்கே சோதித்துப் பார்க்க ஏன் தயங்குகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அப்புறம் ஒன்று. பிள்ளை சாப்பிடாமல், தூக்கத்தில் அலறினால் எங்கள் பக்கம் "பயந்திருக்கு" என்று மந்திரிக்கத் தூக்கிப்போவார்கள். திருநீறோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பாலியல் வன்முறை நடந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மூன்று நாள் வேப்பிலை அடித்துப் பார்த்தால் அந்தக் கெடு போச்சு. அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். உதவிக்கு அழைக்க, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. தவணை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைக்கலாம்.