முடிதிருத்துநருக்கு யார் விதி எழுதுவது? டெக்சாஸ் மாநிலத்தின் ஏற்பாடு

அமெரிக்காவின் டெக்சாஸில் முடி வெட்டவும், மின்கம்பி இழுக்கவும், ஏசி பழுதுபார்க்கவும் மாநில உரிமம் வேண்டும். இத்தகைய பல தொழில்களுக்கு உரிமம் தருவது ஒரே துறை: உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறை. அதன் தலைமையில் 7 பேர் கொண்ட ஆணையம் உள்ளது. தேர்தலில் வென்று வரும் ஆளுநர், மாநில செனட்டின் (மேலவையின்) ஒப்புதலோடு இவர்களை நியமிக்கிறார். துறையிடம் உரிமம் பெற்றுத் தொழில் செய்பவர் யாரும் இதில் உறுப்பினராக முடியாது.

தொழிலின் நுணுக்கம் தெரியாதவர்கள் எப்படி விதி வகுப்பார்கள்? அதற்குத்தான் ஆலோசனைக் குழுக்கள். தொழில் செய்பவர்கள் அவற்றில் அமர்ந்து தேர்வு, பயிற்சி, பாதுகாப்பு பற்றி யோசனை சொல்வார்கள், முடிவு ஆணையத்துடையது.

இந்தப் பிரிவினை மிக அவசியம் என்பதற்கு இன்னொரு மாநிலமான வட கரோலினா சாட்சி. அங்கே பல் மருத்துவ வாரியத்தின் 8 உறுப்பினர்களில் 6 பேர் பல் மருத்துவர்கள். குறைந்த கட்டணத்தில் பல் வெண்மையாக்கும் கடைகளை நிறுத்தச் சொல்லி அந்த வாரியம் கடிதம் அனுப்பியது. அந்தத் தொழிலில் இருப்பவர்களே நடத்தும் வாரியத்தை அரசு நேரடியாகக் கண்காணிக்காவிட்டால், வணிகப் போட்டியை நசுக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு இல்லை என்று 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டியாளரின் பிழைப்பைப் போட்டியாளரே தீர்மானிப்பது அநியாயம், தீர்ப்பு சரியானதே.

டெக்சாஸில் பெரிய சீர்திருத்தம் 2021-இல் வந்தது. சட்டப்படி காலக்கெடு உள்ள இந்தத் துறையின் ஆயுளை 2033 வரை நீட்டித்த சட்டம், முடிதிருத்துநருக்கும் அழகுக்கலையினருக்கும் தனித்தனியாக இருந்த சட்டங்களை ஒன்றாக்கி, இரண்டு ஆலோசனைக் குழுக்களையும் கலைத்து ஒரே குழுவாக அமைத்தது. ஒரே தலைமுடியை வெட்டுவதற்கு இரண்டு விதித்தொகுப்பு என்ற நிலை உரிமம் தேடும் ஏழை இளைஞர்களைத்தான் அதிகம் அலைக்கழித்திருக்கும்.

ஆலோசனைக் குழு யோசனை மட்டுமே சொல்லும் என்பதற்கு உடல்நலத் தொழில்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே தொழிலின் எல்லை (உரிமம் பெற்றவர் எதையெல்லாம் செய்யலாம் என்பது), சிகிச்சைத் தரம் பற்றிய புதிய விதியை ஆலோசனைக் குழு முன்மொழிந்தால்தான் ஆணையம் ஏற்க முடியும். நோயாளியின் உடல் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த எச்சரிக்கை நியாயமானது.

ஆலோசனைக் குழுக் கூட்டங்களில் எவரும் கருத்துச் சொல்லலாம். புதிய விதியின் வரைவு மாநில அரசிதழில் வெளியான பிறகு எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். உரிமம் பெற்றவர்கள் மட்டுமல்ல, பயிற்சி மாணவர்களும் வாடிக்கையாளர்களும் அனுப்ப வேண்டும்.