கொலாட்டரல்: வங்கியிலும் போரிலும் ஒரே சொல்

போன மாதம் மட்டக்களப்பு டவுனில் ஒரு வங்கியில் மாமிக்குக் கடன் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். 'கொலாட்டரல்' என்று ஒரு கட்டம். "அதென்ன மனே?" என்றா. "ஈடு மாமி, நகை வைக்கிறமே, அந்த ஈடு" என்றேன். சரி, அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் அதே சொல், இந்த முறை குண்டு விழுந்த செய்தியில்: 'கொலாட்டரல் டெமேஜ்'.

இரண்டும் ஒன்றுதான். லத்தீனில் 'லாட்டுஸ்' என்றால் பக்கம். அதற்கு முன்னால் 'கூட' என்று பொருள்படும் ஓர் ஒட்டு சேர்ந்து, பக்கத்தோடு பக்கமாக இருப்பது என்றாகிறது. கடனுக்குப் பக்கத்துணையாக நிற்பது ஈடு. படைக்காரர் எடுத்ததும் அதே பக்கத்தைத்தான்: குறிவைத்தது ஒன்று, பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அழிந்தது இன்னொன்று. 1991 வளைகுடாப் போர்ச் செய்திகளோடு இது எல்லோர் வாயிலும் ஏறியது. நேட்டோ யுகோஸ்லாவியாவில் குண்டு போட்ட 1999இல், ஜெர்மனியில் இதன் ஜெர்மன் வடிவத்தை அந்த ஆண்டின் மோசமான சொல்லாகத் தெரிவுசெய்தார்கள்.

தமிழில் 'பக்கச் சேதம்', 'இணைச் சேதம்' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, எனக்குத்தான் ஒத்துவரவில்லை. வெள்ளம் வந்தால் வயல் சேதம், வேலி சேதம் என்போம். ஆள் செத்தால் உயிர்ச்சேதம் என்று பிரித்துத்தான் சொல்வோம். வெறும் பக்கச் சேதம் என்றால் போனது ஆளா, மாடா, மதிலா?

அப்புறம் அந்தப் 'பக்கம்'. பக்கம் என்று ஒன்று இருக்க நடுவில் வைத்த குறி சரியாக இருக்க வேண்டுமே. 2021 ஓகஸ்ட் 29 காபூலில் அமெரிக்க ட்ரோன் ஒரு காரை அடித்தது, 10 பேர் செத்தார்கள், அதில் 7 பேர் பிள்ளைகள். முதலில் நியாயமான தாக்குதல் என்றார்கள், செப்டம்பர் 17இல் தவறு என்று ஒத்துக்கொண்டார்கள். குறியே பிழை, அப்போ யார் நடு, யார் பக்கம்? 2003இல் ஈராக்குக்குப் பேரழிவு ஆயுதம் தேடிப் போனதும் அப்படித்தான், ஆயுதம் இல்லை, சாவுகள்தான் மிச்சம்.

இதை மாமிக்குச் சொன்னேன். "அப்ப அதுக்கு ஈடு குடுத்தாங்களா மனே?" என்று கேட்டா. அவ கேட்டது நட்டஈட்டை. தமிழில் அடகுக்கும் இழப்பை நிரப்புவதற்கும் ஒரே ஈடுதான்.

இன்னொன்று, வேண்டுமென்றே கொன்றதற்கும் இந்தப் 'பக்கச் சேதம்' என்ற சொல்லை ஒட்டிவிடுவார்கள். 1991 ஜூன் 12, மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மகிழடித்தீவு: கண்ணிவெடியில் இரண்டு சிப்பாய்கள் செத்த பிறகு, ஆணைக்குழுவின் கணக்கில் 67 பொதுமக்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். அது சண்டைக்குள் அகப்பட்ட சாவு இல்லை, பழிவாங்கல் என்று அரசு நியமித்த அந்த ஆணைக்குழுவே சொன்னது. அந்த ஊர்கள் இருக்கும் படுவான்கரையில் அதைச் சேதம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, வங்கிக்கு ஈடு அல்லது பிணை. போர்ச் செய்திக்கு 'பொதுமக்கள் உயிரிழப்பு', கூடவே எத்தனை பேர் என்ற எண். படைத்தரப்பு சொன்னதை அப்படியே எடுத்துப் போடுவதென்றால் மட்டும் பக்கச் சேதம், அதுவும் மேற்கோள் குறிக்குள்.